சின்ன ஊருக்குப் பெரிய திட்டம்: சோலூர் பயணத்தைக் கம்ப்யூட்டரில் தயார் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டு கேட்டாயிற்று, உறவினர்களுக்கு இ-மெயிலும் அனுப்பியாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஒரு பயணத்தைத் திட்டமிட்டுப் பாருங்கள். தேடுவது, மேப் பார்ப்பது, டிக்கெட் எடுப்பது, டேபிள் போடுவது, பிரிண்ட் எடுப்பது என்று ஒரு கம்ப்யூட்டரில் கற்க வேண்டிய அடிப்படை வேலைகள் அத்தனையும் இந்த ஒன்றிலேயே வந்துவிடும்.

அதுவும் ஒரு சின்ன ஊருக்குத் திட்டமிடுங்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. எந்த நேரத்தில் போய் இறங்கினாலும் ஆட்டோ இருக்கும், ஓட்டல் இருக்கும். சின்ன ஊர் அப்படியல்ல. அங்கே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய பொழுதே போய்விடும். இன்டர்நெட்டிலும் சின்ன ஊர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்திலும் தவறுகள் இருக்கும்.

உதாரணத்துக்கு நான் பிறந்து வளர்ந்த சோலூரையே எடுத்துக்கொள்கிறேன். நீலகிரி மாவட்டத்தில் ஊட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பேரூராட்சி இது. படுகர் ஊர்களும், தோடர் மந்துகளும், தேயிலைத் தோட்டங்களும் சேர்ந்தது. என் அம்மா அங்கேதான் இருக்கிறார். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. தஞ்சாவூரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு வயது 71. அக்காவைப் பார்த்து மூன்று வருடமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தைக்கு ஆஸ்துமா உண்டு. காரில் அத்தனை தூரம் வர இருவராலும் முடியாது. மாமா ஓய்வு பெற்ற பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்கினார். “மாப்ளே, நீ போன்ல சொல்லு, நானே எல்லாத்தையும் பாத்துக்கறேன்” என்றார். அவர் தஞ்சாவூரிலும் நான் கோவையிலும் உட்கார்ந்துகொண்டு செய்த வேலையைத்தான் படிப்படியாகக் கீழே தருகிறேன். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதல் படி: பெயரைச் சரியாகத் தேடுங்கள்

பிரவுசரைத் திறந்து கூகுள் தளத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்து என்டர் கீயைத் தட்டுகிறீர்கள். ஆங்கிலத்தில் டைப் செய்தால் இங்கேதான் முதல் சிக்கல். சோலூர் என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் சூலூர் வந்து நிற்கும். சூலூர் என்பது கோவைக்குக் கிழக்கே, விமானப்படைத் தளம் உள்ள ஊர். மலையே கிடையாது. இன்னொன்று சோலூர்மட்டம். இதுவும் நீலகிரி மாவட்டம்தான். ஆனால் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. சோலூரோ ஊட்டிக்கு மேற்கே கூடலூர்ப் பக்கம். மாவட்டத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் உள்ள தூரம்.

மாமா முதலில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த விடுதி சோலூர்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பணம் கட்டும் முன் மேப்பில் பார்த்ததால் தப்பித்தார்.

இதற்கு எளிய வழி, பெயரைத் தமிழிலேயே டைப் செய்வதுதான். ஆங்கிலத்தில் ஒன்றுபோலத் தோன்றும் பெயர்கள் தமிழில் தனித்தனியாகத் தெரியும். விண்டோஸ் 10 பதிப்பில் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு கீபோர்டு அமைப்புகளும் உள்ளேயே கிடைக்கின்றன. விண்டோஸ் 11 பதிப்பிலும் உண்டு. செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் என்பதில் கிளிக் செய்து, தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறி மாறிப் போகலாம்.

ஊர்ப் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும், பக்கத்துப் பெரிய ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். “சோலூர் நீலகிரி ஊட்டி” என்று மூன்று சொற்களாகக் கொடுத்தால் தவறான ஊர் வர வாய்ப்பு குறைவு.

இரண்டாம் படி: மேப்பைப் படியுங்கள், நம்பிவிடாதீர்கள்

கூகுள் மேப்ஸ் தளத்தில் ஊரைக் கண்டுபிடித்ததும், அந்தப் புள்ளியின் மேல் மவுசின் வலது பட்டனைத் தட்டுங்கள். வரும் மெனுவின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். அவை அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். அந்த வரியில் கிளிக் செய்தால் எண்கள் காப்பி ஆகிவிடும். பெயர் குழம்பலாம், எண் குழம்பாது. இந்த எண்களை ஒரு நோட்பேட் ஃபைலில் பேஸ்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். சாலை நேராகப் போகிறதா, வளைந்து வளைந்து போகிறதா, நடுவில் காடு இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மேப் காட்டும் குறுக்கு வழியை மலையில் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. காரணம் சொல்கிறேன். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் இடையே கல்லட்டி மலைச்சாலை இருக்கிறது. தூரம் குறைவு என்பதால் மேப் அதைக் காட்டும். ஆனால் அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று இந்தச் சாலையில் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதேபோல் மைசூரிலிருந்து வருபவர்களுக்குப் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009இல் வந்தது. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையும் போடுவார்கள். இவற்றையெல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலும் அன்றைய செய்திகளிலும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேப் சொல்லும் நேரத்தோடு மலைப் பாதையில் மேலும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பஸ் ஊர்ந்துதான் போகும்.

மூன்றாம் படி: பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

சாஃப்ட்வேர் எழுதும்போது நாங்கள் கடைசியில் என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு முந்தைய வேலை, அதற்கும் முந்தைய வேலை என்று பின்னோக்கி வருவோம். பயணத்துக்கும் இதே முறைதான்.

எங்களுக்குக் கடைசியில் வேண்டியது: மாமாவும் அத்தையும் பகல் வெளிச்சத்தில் சோலூரில் இறங்க வேண்டும். இருட்டிய பிறகு எங்கள் பக்கம் காட்டு மாடு ரோட்டில் நிற்கும். கரடியும் உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் குளிர் அத்தையின் மூச்சைப் பிடித்துவிடும். ஆகவே மாலை 4 மணிக்குள் சோலூர். அப்படியானால் நண்பகலுக்குள் ஊட்டி. அப்படியானால் காலை 7 மணிக்குள் கோவையிலிருந்து புறப்பட வேண்டும். அப்படியானால் தஞ்சாவூரிலிருந்து இரவு ரயில்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாகக் கோவைக்குச் செல்லும் செம்மொழி எக்ஸ்பிரஸ் இதற்குப் பொருந்தியது. பகலில் போகும் ஜன் சதாப்தி ரயிலும் உண்டு. ஆனால் அது இரவில்தான் கோவையில் இறக்கிவிடும். அங்கே ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்க வேண்டும். பின்னோக்கி வந்ததால்தான் இந்த வித்தியாசம் எங்களுக்கு உடனே தெரிந்தது.

நான்காம் படி: ரயில் டிக்கெட்

ஐஆர்சிடிசி தளத்தில் முதலில் உங்கள் பெயரில் ஓர் அக்கவுன்ட் தொடங்குங்கள். 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் இது 120 நாட்களாக இருந்தது. பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு தேடினால் ரயிலே இல்லை என்று தோன்றும்.

கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஸ்டேஷனின் குறியீட்டைப் பாருங்கள். கோவை ஜங்ஷனுக்கு சிபிஇ, கோவை வடக்குக்கு சிபிஎஃப். மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி, ஊட்டிக்கு யுஏஎம். ஊட்டி என்பதைவிட உதகமண்டலம் என்று தேடுவது நல்லது.

இரண்டு, நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு புறப்படும் ரயிலுக்கு அடுத்த நாள் தேதியில் டிக்கெட் எடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி 12.30 மணி ரயில் என்று நாம் பேச்சில் சொல்வது கம்ப்யூட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை.

மூன்று, வயதைச் சரியாகக் கொடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் தர ரயில்வேயில் தனி ஒதுக்கீடு உண்டு.

மலை ரயிலில் வர வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. காலை 7 மணி வாக்கில் புறப்பட்டு ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். கோவையில் ரயில் அரை மணி தாமதமானாலும் இதைப் பிடிக்க முடியாது. அதனால் போகும்போது பஸ், திரும்பும்போது பிற்பகலில் இறங்கும் மலை ரயில் என்று முடிவு செய்தோம். இறங்கும்போது தவறினாலும் ஊட்டியில் பஸ் இருக்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து இந்த ரயிலை நிறுத்துவது அடிக்கடி நடக்கும். ஆகவே மலை ரயிலை நம்பி வேறு எதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஐந்தாம் படி: இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசன் மாதங்களுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. மாமாவுக்கு இந்த வேலை மிச்சம்.

காரில் வருபவர்கள் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைத் தளத்தில் நிரப்பினால் கியூஆர் கோடுடன் பாஸ் கிடைக்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் உடனே மூடிவிடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் ஒன்றிரண்டு முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம். முகவரி “டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி” என்று முடிகிறதா என்று முகவரிப் பட்டையில் பார்த்த பிறகே விவரங்களைக் கொடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் புறப்படும் வாரத்தில் இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

ஆறாம் படி: வானிலை

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் மாவட்ட வாரியாக எச்சரிக்கைகள் நிறம் போட்டுக் காட்டப்படும். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நீலகிரியின் மழையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் காலையில் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது. நாங்கள் பிப்ரவரி கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வெயிலும் உண்டு, சீசன் கூட்டமும் இல்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதயம், மூச்சு சம்பந்தமான தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். ஊட்டியில் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அது மேப்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைத்தோம்.

ஏழாம் படி: தங்கும் இடம்

“ஊட்டி” என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் பல ஊட்டிக்கு 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். விடுதியின் பெயரைப் பார்க்காதீர்கள். மேப்பில் அதன் புள்ளியைப் பாருங்கள். அனுமதி பெற்ற விடுதியா என்றும் போனில் கேளுங்கள். மசினகுடியை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த பல விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டது. முன்பணம் கட்டிய பிறகு தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்படுபவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் “ட்ரெக் தமிழ்நாடு” என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் தளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். அனுமதி இல்லாமல் யாரோ கூட்டிப் போகிறேன் என்றால் போகாதீர்கள். தோடர் மந்துக்குள் நுழையும் முன்பும், படம் எடுக்கும் முன்பும் அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். அது அவர்கள் குடியிருக்கும் இடம்.

எட்டாம் படி: கம்ப்யூட்டரில் இல்லாததைக் கேளுங்கள்

ஊட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து சோலூருக்குப் போகும் டவுன் பஸ்களின் நேரத்தை இன்டர்நெட்டில் தேடி மாமா ஒரு நாள் முழுவதும் செலவிட்டார். ஒரு தளத்தில் ஒரு நேரம், இன்னொன்றில் வேறு நேரம். எது எந்த வருடத்தில் போட்டது என்பதே தெரியவில்லை. கடைசியில் அம்மா பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியைக் கேட்டுச் சொன்ன நேரம்தான் சரியாக இருந்தது. தினமும் அந்த பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாததா?

ஒரு தகவல் எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கும் பழக்கத்தைப் புதிய கம்ப்யூட்டர்காரர்கள் முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொள்ள வேண்டும். தேதி இல்லாத பஸ் நேரத்தை நம்ப வேண்டாம்.

ஒன்பதாம் படி: ஒரே ஒரு பேப்பர்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறங்கள். ஐந்து பத்திகள் போதும். நேரம், எங்கிருந்து, எங்கே, எதில், தவறினால் என்ன செய்வது. இந்த ஐந்தாவது பத்திதான் முக்கியம். “சோலூர் பஸ் தவறினால், ஊட்டி பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து போன் செய்யவும், டாக்ஸி அனுப்புகிறோம்” என்று மாமா எழுதிக்கொண்டார். கீழே மூன்று போன் நம்பர்கள், அத்தையின் மருந்துகளின் பெயர்கள்.

கண்ட்ரோல் கீயையும் பி கீயையும் சேர்த்து அழுத்தி, எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு பிரிண்ட் எடுங்கள். ஆளுக்கொன்று. போனில் படம் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிவிடும். கூகுள் மேப்ஸ் ஆப்பில் உங்கள் படத்தைத் தட்டி, ஆஃப்லைன் மேப்ஸ் என்பதில் நீலகிரிப் பகுதியை வீட்டு இணைப்பிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் மேப் திறக்கும். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டிச் செய்தி: சீனாவின் சிறிய நகரத்துக்குப் போகிறீர்களா?

என் அலுவலக நண்பர் ஒருவர் தொழிற்சாலை வேலையாகச் சீனாவின் ஒரு சிறு நகரத்துக்குப் போய்வந்தார். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே பாடம்தான்.

• அங்கேயும் சோலூர் - சூலூர் குழப்பம் உண்டு. ஷாங்காய் அருகே உள்ள சூஜோ பிரபலமான நகரம். அன்ஹுய் மாகாணத்தில் இன்னொரு சூஜோ இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 400 கிலோமீட்டருக்கு மேல். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. சீன எழுத்தில் வேறு வேறு. ஆகவே ஊர்ப் பெயரையும் ஓட்டல் முகவரியையும் சீன எழுத்திலேயே பிரிண்ட் எடுங்கள்.

• கூகுள் அங்கே வேலை செய்யாது. சீன மேப்புகளும் வெளிநாட்டு மேப்புகளும் வேறு வேறு அளவீட்டு முறையைப் பின்பற்றுவதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும். அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் அமேப் போன்ற ஆப்பை இங்கேயே இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

• 2023 முதல் அலிபே, வீசாட் ஆப்களில் வெளிநாட்டு கார்டை இணைக்க வழி செய்திருக்கிறார்கள். புறப்படும் முன்பே இணைத்துச் சோதித்துவிடுங்கள்.

• ரயிலுக்கு “12306” என்ற அதிகாரப்பூர்வ தளம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுக்க வேண்டும்.

• வெளிநாட்டவர் தங்கும் விவரம் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவாக வேண்டும். ஓட்டலில் அவர்களே செய்வார்கள். தெரிந்தவர் வீட்டில் தங்கினால் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

• சீனாவுக்கும் எங்கள் மலைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகளை அடைத்துவைத்திருந்த சிறைக் கட்டடம் சோலூருக்குப் பக்கத்துப் பேரூராட்சியான நடுவட்டத்தில் இருக்கிறது.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

ஊர்ப் பெயரைத் தமிழில் தேடிப் பார்த்தீர்களா? அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் குறித்தாயிற்றா? கடைசி பஸ்ஸின் நேரத்தை உள்ளூர்க்காரரிடம் கேட்டீர்களா? டிக்கெட்டில் தேதி சரியா? காரில் போவதானால் இ-பாஸ் எடுத்தீர்களா? முந்தைய நாள் வானிலை எச்சரிக்கை என்ன நிறம்? பிரிண்ட் எடுத்த பேப்பர் சட்டைப் பையில் இருக்கிறதா?

மாமாவின் பயணத்தில் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். ஊட்டியில் அவர்கள் நினைத்திருந்த பஸ் போய்விட்டது. பேப்பரில் ஐந்தாவது பத்தியைப் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள், போன் செய்தார்கள். அலைச்சலும் இல்லை, பதற்றமும் இல்லை. மாலை 4.15க்கு டாக்ஸி வீட்டு வாசலில் நின்றபோது நல்ல வெளிச்சம் இருந்ததாக அம்மா சொன்னார். பத்து நாள் இருந்துவிட்டு, மலை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இறங்கினார்கள்.

நீங்களும் இந்த வாரமே உட்காருங்கள். பல நாளாகப் போக நினைத்துத் தள்ளிப் போட்ட ஒரு சின்ன ஊர் உங்களுக்கும் இருக்கும். அங்கே உங்களை எதிர்பார்த்துக்கொண்டு யாரேனும் இருக்கலாம். ஒரு டேபிள், ஐந்து பத்திகள். டைப் செய்யத் தொடங்குங்கள்.